வலை தண்ணீரில் இருக்கும்போது

பேளுக்குறிச்சிச் சந்தையில் இன்று காலை, மழையில் நனைந்துகிடந்த ஆவாரம்பட்டை மூட்டை ஒன்றைக் கடந்தபோது மூக்கிலேறிய வாசத்தில் நின்றுவிட்டேன். அது அப்பாவின் வலை வாசம். நூல் இற்றுப்போகாமலிருக்க அந்தப் பட்டையைக் கொதிக்கவைத்த சாற்றில் வலையை முக்கியெடுத்துப் பாறைமேல் உலர்த்துவார், பிறகு, இப்போது மண் மூடி மரவள்ளிக் காடாகிவிட்ட அந்த ஐயாற்று மடுவின் குறுகலான வாயில் அதைக் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நிற்பார், நானும் தங்கை செல்வியும் மேலேயிருந்து ஆளுக்கொரு கரையோரமாக மூங்கில் கழியால் தண்ணீரை அடித்து அடித்து மீன்களை அவரிடம் விரட்டி வருவோம். கழிச் சத்தம் மட்டும்தான் கேட்க வேண்டும். மனிதக் குரல் கேட்டால் மீன் பாறையிடுக்கில் பதுங்கிவிடுமாம்.

"வலை தண்ணில இருக்கறப்ப வாயத் தொறக்கப்படாது கண்ணு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் இறக்குவார்.

ஒருநாள் இரண்டு கழிகளில் ஒன்றின் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் வலை கனத்தது.

"பெருசா சிக்கியிருக்குது சாமி!" என்று சிரித்தபடியே அப்பா தூக்கினார்.

முதலில் மேலே வந்தது சிவப்பு ரிப்பன் கட்டிய செல்வியின் சடை.

அவளைக் கரையில் குப்புறப் போட்டு அப்பா முதுகை அழுத்த அழுத்தத் தண்ணீரைக் கக்கிக் கண் விழித்தவள், பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டே முதலில் சொன்னது இதைத்தான்:

"நான் சத்தமே போடலீங்கப்பா."

அவள் முங்கியதை எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரை அடித்துக்கொண்டிருந்த நானும் போடவில்லை.