தலையாட்டி

புலம்பெயர்ந்து வந்து மிச்சம் என்ற ஊரின் மீன்கடையில் மீன் வெட்டும் கஸ்பரிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. வலக்கண் இல்லை. இருக்கிற ஒற்றைக் கண்ணாலேயே ஆளை எடைபோட்டுவிடுவார். மன்னாரில் அவருக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது இராணுவம் ஊரையே வரிசையில் நிறுத்தியது. ஆட்களைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகத்தை மூடி நிறுத்தியிருந்த தலையாட்டி ஒருவன் இவரைப் பார்த்துத் தலையசைத்தான். ஒரேயொரு அசைப்புத்தான். முகாமில் துவக்குப் பிடியால் இடித்ததில் கண் போனது. அந்தத் தலையாட்டியைக் கண்டால் கையாலேயே கொல்வேன் என்று மனைவி இம்மாகுலேற்றின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் பங்கு மண்டபத்தில் பைபிளில் வரும் சிம்சோன் கதையைச் சொல்லும் பழைய ஹொலிவூட் படத்தைப் போடுவார்கள். குருடாக்கப்பட்ட சிம்சோன் தூண்களைச் சாய்த்து எதிரிகளை நசுக்கும்போது கஸ்பர் கைதட்டுவார். சுவாமியார் முறைத்தாலும் நிறுத்தமாட்டார். பதினெட்டு வருடமாக அவரோடு கூட நின்று மீன் வெட்டும் யூஜின் மட்டும் ஷிப்ட் இருக்கிறதென்று நழுவிவிடுவார்.

இந்த வருடம் கஸ்பரே அவரை இழுத்துவந்து பக்கத்தில் இருத்தினார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு சிம்சோனின் கண்ணை நெருங்கியதும் யூஜின் எழுந்து வெளியே ஓடினார். உடம்புக்கு முடியவில்லையாக்கும் என்று கஸ்பரும் பின்னால் போனார். கார் நிறுத்துமிடத்தில் யூஜின் நின்றார்.

"கஸ்பரண்ணை, மன்னாரில அண்டைக்குச் சாக்குக்குள்ள நிண்டது நான்தான். என்ர தம்பியைப் பிடிச்சு வச்சிருந்தவங்கள். ஆரையாவது காட்டு எண்டவங்கள்."

கஸ்பரின் முதல் குத்திலேயே யூஜினின் பல் தெறித்தது. விழுந்தவனின் நெஞ்சில் ஏறியிருந்து மூக்கு உடையும்வரை அடித்தார். தலையைப் பிடித்துத் தார்த்தரையில் மோதினார். யூஜின் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. அது கஸ்பருக்கு இன்னும் வெறியேற்றியது. கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தபோது இம்மாகுலேற் ஓடிவந்து பின்னால் கட்டிப்பிடித்து இழுத்தாள்.

பொலிஸ் வந்தது. கண்டதாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த யூஜினிடம் பொலிஸ்காரி கஸ்பரைக் காட்டி, இவரா அடித்தது என்று கேட்டாள். பேச ஏலாவிட்டால் தலையை ஆட்டினால் போதும் என்றாள்.

யூஜின் வீங்கிய கண்ணால் கஸ்பரை வெகுநேரம் பார்த்தான். பிறகு, இல்லை என்று தலையை அசைத்தான்.

அன்று அந்தத் தலை அசைந்துதான் கஸ்பருக்குக் கண் போனது. இப்போது அதே தலையின் தயவில் தப்பி, மிச்ச வாழ்நாளெல்லாம் அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருப்பதா? இரத்தம் காயாத இரண்டு கைகளையும் பொலிஸ்காரியிடம் நீட்டினார். அடித்தது தான்தான் என்றார்.