வலப்பக்க வரிசைக் கன்றுகள்

அண்ணியோடு ஒரே வீட்டில் குடியிருப்பதே பெரும்பாடு. அவரோடு ஒரே இடத்தில் வேலையும் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்திருக்கிறது. பதினோரு வருடமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. நாற்பத்தாறு வயது. கன்றுத் தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். நான் அதே பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். முப்பத்தெட்டு வயதாகியும் எல்லோருக்கும் நான் பாப்பாதான். வீட்டில் அண்ணன் ஆரம்பித்து வைத்தான், அண்ணி அதைப் பண்ணை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார், இப்போது வாசல் காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். சண்டை போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அண்ணிக்குக் காலில் சக்கரம். டீயை நின்றபடியே குடிப்பார், குடிக்கும்போதே இன்னொரு கை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும். துணி காயப்போடப் போனவர் பாதியில் திரும்பி வந்து குழாயை இறுக்கி மூடுவார், அப்புறம் எதற்கு வெளியே போனோம் என்று என்னைக் கேட்பார். லாரி ஓட்டும் என் அண்ணன் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். "ஒரு நிமிஷம் நில்லேன்டி, உன் மூஞ்சியே மறந்து போச்சு," என்பான். "போட்டோ மாட்டியிருக்குல்ல, பாத்துக்கோங்க," என்று அடுத்த அறையிலிருந்து பதில் வரும்.

பண்ணைக்கு அவர் முதலில் வந்தது கூட்டிப் பெருக்குவதற்கு. வந்த இரண்டாம் மாதம் டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்று, "மூணாம் நம்பர் கன்னுக்கு மக்காச்சோளம் செரிக்கலம்மா. முழுசு முழுசா வெளிய வருது. கொஞ்சம் ஒடச்சுப் போடச் சொல்லுங்க," என்றிருக்கிறார். டாக்டரம்மாதான் பண்ணையின் தலைவி. கால்நடைத் தீவனத்திலேயே ஊறிப்போன மனுஷி. போய்ச் சாணியைக் கிளறிப் பார்த்தார். அன்றைக்கே அண்ணியின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கூண்டுக் கொட்டகையை அவரிடம் ஒப்படைத்தார்.

கொட்டகையில் எட்டுக் கூண்டுகள், பக்கத்துக்கு நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு கன்று. தரை சல்லடை மாதிரி இருக்கும். சாணி பின்னால் ஒரு தட்டில் விழும், மூத்திரம் கீழே சரிந்து வாளிக்குப் போகும். அண்ணியின் வேலை, காலையில் தீவனத்தை நிறுத்துப் போடுவது, மறுநாள் மீந்ததை நிறுப்பது, சாணியையும் மூத்திரத்தையும் ஒரு பொட்டு விடாமல் சேர்த்து அளப்பது. கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். வளர்கிற கன்றுக்கு எந்தத் தீவனம் உடம்பில் ஒட்டுகிறது, எது வீணாக வழிகிறது என்று தெரிய வேறு வழி கிடையாது. தின்றதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால் மிச்சம் உடம்பில் தங்கியது. புரதம் அதிகமாகப் போட்டால் கன்று தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை மூத்திரத்தில் விட்டுவிடும். குறைத்துவிட்டாலோ சதையும் எலும்பும் வளராமல் அப்படியே நிற்கும். அந்த நடு அளவு எது என்பதுதான் எங்கள் எல்லோருடைய பிழைப்பும்.

இந்த முறை எடுத்துக்கொண்ட சோதனையும் அதுதான். இடப்பக்க நாலு கன்றுகளுக்கு வழக்கமான தீவனம். வலப்பக்க நாலுக்குப் புரதம் நிறைந்த பிண்ணாக்கைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டிய தீவனம். இரண்டு வரிசையும் ஒரே அளவுக்குப் புரதத்தை உடம்பில் பிடித்துக்கொண்டால், கூட்டுறவுத் தீவன ஆலை அந்த விலை குறைந்த தீவனத்தையே அரைக்க ஆரம்பித்துவிடும். சுற்று வட்டாரத்தில் வளர்கிற கன்றெல்லாம் அதைத்தான் தின்னப் போகிறது. ஒரு மாதம் தின்னவிட்டு, கடைசி ஆறு நாள் சேகரிப்பு.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மூத்திரம் வாளியில் சும்மா கிடந்தால் அதிலிருக்கிற புரதச் சத்து ஆவியாகப் பறந்துவிடும். கண்ணைக் கரிக்கிற நெடி ஒன்று வருமே, பறந்து போகிற சத்துதான் அந்த நெடி. அதைப் பிடித்து நிறுத்த வாளியில் முதலிலேயே கொஞ்சம் ஆசிட் ஊற்றி வைப்போம். ஊற்றுவது என் வேலை. மறுநாள் காலையில் லிட்மஸ் தாளை முக்கி, சிவப்பாகிறதா என்று பார்ப்பதும் என் வேலை. முதல் நாள் இடப்பக்க வாளிகளுக்கு ஊற்றிவிட்டுக் கேனைச் சாய்த்தால், இருக்கிற மிச்சம் புதுக் கேன் வரும்வரை எல்லா வாளிக்கும் முழுசாக வராது. ஸ்டோர்காரர் லீவு. அவர் வந்தாலும் மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு கேன் தர மாட்டார். எனக்கு வந்ததே கோபம்! வலப்பக்க நாலு வாளிக்கும் பாதிப் பாதி ஊற்றினேன். பாதி போதாதா என்ன என்று நினைத்தேன். தாளை முக்கிப் பார்க்கவும் இல்லை. நாலாம் நாள் புதுக் கேன் வந்தது. அப்போதாவது முழுசாக ஊற்றியிருக்கலாம். நடுவில் மாற்றினால் கணக்கு துள்ளிக் காட்டிக் கொடுத்துவிடும் என்ற பயத்தில் ஆறு நாளும் பாதியே ஊற்றினேன்.

பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வலப்பக்கக் கன்றுகள் புரதம் குறைவாகத் தின்றும் அதே அளவு புரதத்தை உடம்பில் பிடித்துவைத்திருப்பதாகக் கணக்கு சொன்னது. அந்த அளவுக்குச் சத்து மூத்திரத்தில் குறைவாக இருந்தது. திங்கட்கிழமை ஆலைக்காரர்களோடு கூட்டம் என்று ஏற்பாடாகிவிட்டது. இந்த வருடம் என்னை நிரந்தரமாக்கும் காகிதம் மேலே போயிருந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

அண்ணி பேசாமல் இருப்பாரா?

"டாக்டரம்மா, இடப்பக்கம் நாலுக்கும் கழுத்துப் பட்டையை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேன். வலப்பக்கம் ஒண்ணுக்குக்கூட தள்ளல. அதே ஓட்டைதான். உடம்புல ஏறியிருந்தா கழுத்து தெரியாதா?"

"பட்டையை வச்சு எப்படிக்கா சொல்றது?"

"அப்போ எடை போடுங்க."

மாதக் கடைசியில் போட வேண்டிய எடையை அன்றைக்கே போட்டார்கள். இடப்பக்கக் கன்றுகள் சராசரியாக இருபது கிலோ ஏறியிருந்தன. வலப்பக்கம் எட்டு. டாக்டரம்மா தராசையே வெறித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக அண்ணியின் பக்கம் திரும்பினார்.

"உடம்புலயும் ஏறல. மூத்திரத்துலயும் இல்ல. அப்போ எங்கேக்கா போச்சு? வாளி நிரம்பி வழிஞ்சுதா? தூக்கும்போது சிந்துச்சா? நீங்க எப்பவும் பரபரன்னுதான் இருப்பீங்க. நெஜத்தைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

பதினோரு வருடத்தில் அண்ணியின் கை வேலை இல்லாமல் தொங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் இரண்டடி தள்ளி, கையில் நோட்டுடன் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

"நான் சிந்தலம்மா," என்று மட்டும் அண்ணி சொன்னார்.

திங்கட்கிழமைக் கூட்டம் தள்ளிப்போனது. கூண்டுக் கொட்டகைக்கு வேறு ஆள் பார்ப்பதாக டாக்டரம்மா சொல்லிவிட்டார். அண்ணிக்கு மறுபடியும் துடைப்பம். பண்ணையில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். "பம்பரம் சுத்துற வேகத்துல வாளி தட்டி விட்டிருக்கும்," என்று பால் கறக்கிறவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நான் அவரைக் கடித்துக் குதறிவிட்டேன். கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். அண்ணனாவது இருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன், அவன் வண்டி எங்கேயோ ரிப்பேராகி நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. போய்ப் பார்த்தேன். தரை முழுக்க ஈரம். பண்ணையில் கழித்துப் போட்ட பழைய கூண்டுத் தட்டு ஒன்றை அண்ணி வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தார். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து தட்டில் விடுவது, வாளியில் பிடிப்பது, வாளியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றித் தூக்கிக்கொண்டு அடுப்படியைச் சுற்றி வேகமாக நடப்பது, பிறகு திரும்ப அளப்பது. எத்தனையாவது தடவையோ தெரியவில்லை, புடவைத் தலைப்பெல்லாம் நனைந்திருந்தது.

"என்ன அண்ணி இது?"

"எங்க போகுதுன்னு பாக்குறேன். வேணும்னே வேகமா நடந்தும் பாத்துட்டேன். தட்டுல ஒட்டுறது ஒரு ஸ்பூன்கூடத் தேறல பாப்பா." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீதான் படிச்சவ. நீ சொல்லு. எங்கேதான் போயிருக்கும்?"

"தரையைத் துடைங்க, வழுக்கப் போகுது," என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன். சீ! நானும் ஒரு மனுஷியா?

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். ஆறு நாள், எட்டுக் கன்று. நாற்பத்தெட்டுச் சீசாக்கள் குளிர்ப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றையும் உருகவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நீலத் தாளை முக்கி, நம்பர் எழுதி டாக்டரம்மாவின் மேஜையில் வரிசையாக அடுக்கினேன். இடப்பக்கம் இருபத்துநாலும் சிவப்பு. வலப்பக்கம் இருபத்துநாலும் நீலம்.

டாக்டரம்மா வந்தார். துடைப்பத்தோடு வராந்தாவில் நின்ற அண்ணியையும் உள்ளே கூப்பிட்டேன்.

"அண்ணி ஒரு சொட்டும் சிந்தல," என்றேன். "நான்தான் வலப்பக்கத்துக்குப் பாதி ஆசிட் ஊத்தினேன். ஆறு நாளும். சத்தெல்லாம் வாளியிலேயே காத்தோட போயிடுச்சு. தெரிஞ்சும் மூணு நாளா வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

டாக்டரம்மா என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், கேட்டதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. என் நிரந்தரக் காகிதத்தை அங்கேயே திரும்ப வரவழைக்கச் சொன்னார். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுங்கக்கா, அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

"அது கெடக்குதும்மா. இனிமே என்ன பண்றது?"

"மறுபடி முதல்லேருந்துதான். அதே தீவனம் பதினஞ்சு நாள், அப்புறம் ஆறு நாள் சேகரிப்பு. எடையை மட்டும் காட்டினா ஆலைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. கன்னுங்களுக்கு வேற ஏதோ கோளாறுன்னு சொல்லித் தட்டிக் கழிச்சுட்டு, மலிவா இருக்குன்னு அதையே அரைப்பாங்க."

"வேற கன்னு மாத்தலாம்ல?"

"இந்த வயசுல வேற கன்னு நம்மகிட்ட இல்லக்கா."

அண்ணி விரல் மடக்கினார். "அப்போ வலப்பக்கம் நாலுக்கும் இன்னும் மூணு வாரத்துக்கு அதே தவுடா?"

"பின்னால நல்ல தீவனம் போட்டா ஓரளவு பிடிச்சுக்கும்."

"ஓரளவு," என்றார் அண்ணி. அப்போதுதான் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எம் பேரு போச்சு, இதோ வந்துடுச்சு. இதுங்களுக்கு வளர்ற வயசு போனா வருமா?"

அன்று சாயங்காலம் மறு சோதனை தொடங்கியது. அண்ணி தராசை வைத்து, இடப்பக்கத்துக்கு நிறுத்துப் போட்டார், பிறகு வலப்பக்கத்துக்கு. கிராம் பிசகவில்லை. வலப்பக்கத்து ஏழாம் நம்பர் மற்றதைவிடச் சின்னது, விலா எலும்பை எண்ணிவிடலாம். போட்டதைத் தின்று முடித்துவிட்டு, எதிர் வரிசைத் தொட்டியின் பிண்ணாக்கு வாசனைக்கு மூக்கை நீட்டி, அண்ணியைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தியது. நிறுத்திவிட்டு மறுபடியும் கத்தியது. நான் ஆசிட் கேனோடு நடைபாதையில் நின்றிருந்தேன்.

"எங்கிட்ட ஏன் கத்துற?" என்றார் அண்ணி அதனிடம். "அந்தா நிக்கிறா பாரு, அவகிட்டக் கேளு."