கழற்றி வைத்த மைனஸ் ஒயர்

எங்கள் பக்கம் கார் வாங்குகிறவன் முதலில் உப்புக்காற்றோடு மல்லுக்கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். மரக்காணம் உப்பளத்து ஓரமாக ஒரு வண்டியை நான்கு நாள் சும்மா நிறுத்திப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் இறுகிவிடும். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். நாங்கள் வாங்குவதெல்லாம் மூன்று கை மாறிய வண்டிகள்தான். ஒயரிங் அரித்துப்போய், நின்ற இடத்திலேயே சார்ஜ் இறங்கிவிடும்.

இந்தத் தொல்லைகளைப் பேசுவதற்கென்றே வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். உப்பள முதலாளிகள், மேஸ்திரிகள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், இரும்பை கிராமத்திலிருந்து ஒரு நெல் விவசாயி. எல்லோரும் ஆம்பளைகள். அதில் நான்தான் பெரிய புலி. மெக்கானிக் வேலை படித்தவன் இல்லை, எல்லாம் வாய்தான். "ஹேண்ட் பிரேக்க இழுத்து வுடாதீங்கப்பா, கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல்லு வைங்க." "போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துனவன் எவன்டா? உப்பு அடைச்சிக்கும்னு எத்தினி வாட்டி சொல்றது?" கேட்காதவனைக் கன்னாபின்னா என்று திட்டுவேன். திட்டு வாங்கினவனும் மறுநாள் என்னிடம்தான் வந்து கேட்பான். அதில் எனக்கு ஒரு மிதப்பு.

வண்டியை நிறுத்தியதும் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும் என்று சொன்னவனும் நான்தான். ஆளுக்கொரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாங்க வைத்தேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஒயரையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். காலையில் மாட்டிக்கொண்டு கிளம்புவோம். அதற்குப் பிறகு குழுவில் பேட்டரி புகார் வருவதே நின்றுபோனது.

ஒருநாள் தவறாமல் அப்படிச் செய்தவன் என் கூட்டாளி. உப்பளத்தில் மேஸ்திரி. வண்டி வாங்கிய சூட்டோடு பெண்டாட்டிக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பாத்திகளுக்கு நடுவே போகிற மண் ரோட்டில் அவள் ஓட்ட, இவன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். "உனக்கு முன்னாடி தங்கச்சி லைசென்ஸ் வாங்கிடும் போல இருக்குதேடா" என்று சீண்டுவேன். "வாங்கட்டுமே, உனக்கு இன்னாடா எரியுது?" என்பான். சொன்ன மாதிரியே அவள் லைசென்ஸும் வாங்கினாள்.

போன கோடையில், உப்பு வாருகிற மும்முரத்தில், ஒரு மதியம். நான் பொம்மையார்பாளையத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் பெல்ட் வாங்க நின்றிருந்தேன். குழுவில் அவன் நம்பரிலிருந்து ஒரு வரி வந்தது. "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யணும்?"

சும்மா இருப்பார்களா எங்கள் ஆட்கள்? நியூட்ரலில் இருக்கிறதா பார் என்றார் ஒருவர். கிளட்சை முழுசாக மிதி, டீசல் இருக்கிறதா பார், தள்ளி ஸ்டார்ட் பண்ணு என்று வரிசையாக வந்தது. நான் என் பங்குக்கு எழுதினேன்: "டேய், அது கார். உப்பு வார்ற பலகைய உள்ள வுட்டுத் திருவுனா ஸ்டார்ட் ஆவாது. சாவி போடு." பத்துப் பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். என் வாயில் மண்ணைப் போட.

ஒயரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. தினமும் தன் கையால் கழற்றி மாட்டுகிறவனுக்குப் போய் அதை யார் சொல்வது?

இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மறுபடியும் அதே நம்பர். "நான் அவர் வீட்டம்மா. அவருக்கு நெஞ்சு வலி. வண்டியில படுக்க வச்சிருக்கேன். நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டேன்."

பெல்ட்டைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போன் அடித்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தாள். அது வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று அவனைப் பின்சீட்டில் ஏற்றியிருக்கிறாள். தெருவில் ஆம்பளை ஒருத்தர் இல்லை, எல்லோரும் உப்பளத்தில். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டி, அவன் உள்ளே முனகிக்கொண்டிருக்க, வெயிலில் வண்டியைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள்.

"பானட்ட தொறம்மா. பேட்டரியாண்ட கருப்பு ஒயர் ஒண்ணு தனியா கெடக்கும், பாரு."

"இருக்குதுண்ணா."

"அத அந்த முனையில வச்சி அழுத்தி மாட்டு. இப்ப சாவி போடு."

இஞ்சின் சத்தம் போனில் கேட்டது. ஐயோ, எவ்வளவு சந்தோஷப்பட்டேன் அந்த நிமிடம்! அவளே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். ஆனால் அங்கே அவனை இறக்கும்போது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தலில் அவன் பெரியப்பா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பொம்பள கையில வண்டிய குடுத்தா இப்படித்தான். ஸ்டார்ட் பண்ணத் தெரியாம ஆள சாவடிச்சிட்டா" என்றார். அவள் தலை குனிந்து இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஊர் சொல்வதை அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"வாய மூடுங்க பெரியவரே," என்று எழுந்துவிட்டேன். "அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ஒயர கழட்டி வைக்கச் சொன்னவன் நானு. அந்த விஷயம் தெரியாமதான் பொண்ணு அல்லாடியிருக்குது. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டேன். பெரியவர் துண்டை உதறிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அவரு மட்டுமா அந்த வண்டிய ஓட்டுனாரு? நானுந்தானே ஓட்டுனேன்," என்றாள். "ஊரு ஆம்பளைங்க அத்தினி பேருக்கும் சொன்னீங்களே. அந்த ஒயர் சங்கதிய எங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்லண்ணா?"

"தோணலம்மா," என்றேன். அதுதான் உண்மை.