பங்கரை மூடிப் போட்ட கோர்ட்

சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த நாட்கள். மானிப்பாயில் எங்கள் பின்வளவில், என் இரண்டு பெண்களுக்கும் பட்மின்டன் கோர்ட் போட்டுக் கொடுக்க எனக்கு ஒரே அவசரம். குறுக்கே கிடந்தது குண்டுவீச்சுக்கு நாங்கள் ஒளியும் பங்கர். மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளை இழுத்தெறிந்து, குழியை மண்ணால் நிரப்பி, தண்ணீர் ஊற்றி மிதித்தேன்.

பக்கத்து வீட்டு ரோசா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சநாள் பொறுத்துப் பாத்து மூடுங்கோவன்."

"உங்களுக்குச் சண்டை முடியிறது விருப்பமில்லைப் போலை," என்றேன் வெடுக்கென்று. அதன்பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

சுண்ணாம்பால் கோடு போட்டு வலையும் கட்டினேன். பெண்கள் பந்தடிக்க, என் காது மட்டும் வானத்திலேயே கிடந்தது.

சண்டை மறுபடி தொடங்கிய கிழமை, ஒரு பின்னேரம் குண்டு போடும் பொம்மர் வானத்தில் இரைந்தது. மூத்தவள் பழக்கத்தில் கோர்ட்டின் நடுவுக்கு ஓடிப்போய்த் திகைத்து நின்றாள்.

"அப்பா, எங்கை இறங்கிறது?"

நான் சின்னவளை வாரித் தூக்கினேன்.

"வேலிப் பொட்டுக்குள்ளாலை பிள்ளையளைக் கொண்டு ஓடி வாங்கோ!" வேலிக்கு அப்பால் ரோசா அக்காவின் குரல்.

அவருடைய பங்கரில் அவர் வீட்டாருக்கே இடம் காணாது. எங்களை உள்ளே தள்ளிவிட்டு, அவர் வெளிப்படியில் குந்தினார்.

"அக்கா, நீங்கள்?"

"நான் இதிலை இருப்பன். தலையைக் குனியுங்கோ."

குண்டு எங்கோ தள்ளி விழுந்தது. மறுநாள் விடியவே பங்கரைத் திரும்பத் தோண்ட அலவாங்கோடு கோர்ட்டில் இறங்கினேன். நானே மிதித்து இறுக்கிய மண் இலேசில் விடவில்லை. மூத்தவளுக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. அவள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.