ஒன்பதாம் படத்தோடு நின்ற சுருள்

எஸ்தர், தானியேல், இது உங்கள் இருவருக்கும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நீங்கள் போட்ட சண்டையில் குழம்பு ஆறிப்போனதுதான் மிச்சம். “யார் யார் தன்னோட ஜனம்னு ஆண்டவர் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டார், தேர்ந்தெடுத்துட்டார்னா, நாம எதுக்கு வெயில்ல வீடு வீடா போய் சுவிசேஷம் சொல்லணும்?” என்றான் தானியேல். “நாம போகலன்னா அவங்க அழிஞ்சு போயிடுவாங்க, எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு” என்றாள் எஸ்தர். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

பதில் தெரியாமல் இல்லை. உங்கள் இருவர் கட்சியிலும் நான் இருந்திருக்கிறேன். இரண்டிலும் முட்டாளாகத்தான் இருந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். வேத சாஸ்திரம் பேச எனக்கு வராது. தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பக்கம் கிராமங்களில் சுவிசேஷம் சொல்லும் ஊழியனாக இருந்தபோது நடந்ததை எழுதுகிறேன்.

1. அறுபத்திரண்டு கைகள்

எங்கள் மிஷன் சின்னது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு சைக்கிள், ஒரு ஜோல்னாப் பை நிறையக் கைப்பிரதி, ஒரு மெகாபோன், ஒரு படச்சுருள் கொடுத்தார்கள். படச்சுருள் என்றால் நீளமான துணி. இரண்டு முனையிலும் கம்பு. பிறப்பிலிருந்து உயிர்த்தெழுதல் வரை பன்னிரண்டு படம். மரத்தில் மாட்டி ஒவ்வொரு படமாகச் சுற்றிக் காட்டிக் கதை சொல்ல வேண்டும்.

எங்களுக்கு மேலே ஒரு ஏரியா லீடர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. சேற்றில் இறங்காதவருக்கு வெள்ளைச் செருப்புதானே சௌகரியம். அவர் சொல்லிக் கொடுத்த முறை இதுதான்: பேசு, பாடு, கடைசியில் “ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்” என்று சொல், எண்ணு, ரிப்போர்ட்டில் எழுது.

முதல் வாரமே சாலவாக்கம் பஸ் ஸ்டாண்டு அருகில் நின்று தொண்டை கிழியப் பேசினேன். கையைத் தூக்கச் சொன்னேன். கூட்டம் மொத்தமும் தூக்கியது. முன்னால் நின்ற ஒரு அம்மா, “சேல எப்பப்பா குடுப்பீங்க?” என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. விழாத மாதிரி எண்ணிக்கொண்டே போனேன். அறுபத்திரண்டு.

மாதக் கூட்டத்தில் லீடர் என் முதுகில் தட்டினார். “பாருங்க பிரதர்ஸ், தம்பி வந்த மொத மாசமே அறுபத்திரண்டு ஆத்துமாவப் புடிச்சிருக்கான்!” ஏதோ சந்தையில் கோழி பிடித்தது போல. எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. பரலோகத்தின் வாசல் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது என்றே நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு அந்த அறுபத்திரண்டைக் காட்ட லீடர் சாலவாக்கத்துக்கே வந்தார். காட்ட ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் வந்து கும்பிட்டார். “அய்யா, நாங்க கைய தூக்கி மூணு மாசமாச்சி. சேல இன்னும் வர்ல.”

விருந்தாளிகள் தரையைப் பார்த்தார்கள். லீடர் என்னைப் பார்த்தார். “நீயெல்லாம் ஒரு ஆத்துமாவக் கூட காப்பாத்த லாயக்கில்லடா” என்றார். அவர் மட்டும் காப்பாற்றிவிடுவார் போல!

2. சிவப்புக் கோடு

அந்த அவமானத்தில் நான் போய் ஒண்டிய இடம் ஸ்டீபன். அவனும் எங்களைப் போல ஊழியன்தான், ஆனால் புத்தகம் படிக்கிறவன். படித்துப் படித்து அவன் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: எங்கும் போக வேண்டாம். “பிரதர், தெரிந்துகொள்ளப்பட்டவன் எப்படியும் வருவான். மத்தவனுக்கு நீ தலைகீழா நின்னாலும் காது தெறக்காது” என்பான். சாலவாக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வடையைப் பிய்த்துக்கொண்டே சொல்வான். தேவனுடைய சித்தத்தை அறிந்தவன், அடுத்த ஊருக்கு வழி கேட்டால் தெரியாது என்பான். போயிருந்தால்தானே தெரியும்?

எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. இனிக்காமல்? வெயில் இல்லை, சேறு இல்லை, நாய் துரத்தாது.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடிசைகளுக்கு ஒரு முறை போனேன். ஒன்பது வீடு. வயல் வேலைக்கும் கூலிக்கும் போகிறவர்கள். சைக்கிள் பஞ்சர் என்பதால் டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, கரைமேல் நடந்தேன். வேலமரத்தில் சுருளை மாட்டிக் கதை சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாவது படம், சிலுவையில் தொங்குகிற படம் வந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த பச்சையம்மா என்கிற பெண் சட்டென்று எழுந்து குடிசைக்குள் போய்விட்டாள். அதே நேரம் திரும்பி வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் வேறு பஸ் இல்லை. “மீதி அடுத்த வாரம்” என்று சொல்லி, சுருளை அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் ஸ்டீபனிடம் சொன்னேன். “பாதியில எழுந்து போயிட்டாளா? வேற என்ன அடையாளம் வேணும் பிரதர்?” என்றான்.

என்னிடம் ஒரு சந்திப்பு நோட்டு இருந்தது. போன வீடுகளின் பெயரெல்லாம் அதில் எழுதுவேன். சிவப்புப் பேனாவை எடுத்து அந்த ஒன்பது வீட்டின் மேலும் ஒரே இழுப்பாகக் கோடு போட்டேன். ‘தெரிந்துகொள்ளப்படாதவர்கள்’ என்று ஓரத்தில் எழுதவும் எழுதினேன். தேவன் தம் ஜனத்தின் பெயரை எழுதி, தேவதூதர்களுக்கே காட்டாத புஸ்தகத்தை எட்டாவது படித்த நான் திருத்தினேன். என் சோம்பேறித்தனத்துக்கு தேவசித்தம் என்று பெயர் வைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

நாலு மாதம் ஓடியது. அந்த நாலு மாதத்தில் நான் போன தூரம், என் அறையிலிருந்து டீக்கடை பெஞ்சு வரை.

3. நீர்க்கட்டி ஏகாம்பரம்

டீக்கடைக்கு ஏகாம்பரம் என்று ஒருவர் வருவார். ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, யார் நிலத்துக்கு என்று முறைப்படி தண்ணீர் விடுவது எல்லாம் அவர் வேலை. தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு. சாமி கும்பிடுகிறவர். என்னைக் கண்டால் கிண்டல் பண்ணாமல் விட மாட்டார். ஒரு நாள் மத்தியானம் வந்து எதிரில் குந்தினார்.

“இன்னா ஃபாதரே, பெஞ்சிலயே கூடாரம் அடிச்சிட்ட?”

“நான் ஃபாதர் இல்லன்னு எத்தினி தபாண்ணா சொல்றது?”

“சரி, இன்னாவோ ஒண்ணு. உன் ஆளு தொங்கினு கெடந்தாரே, அப்பால இன்னா ஆச்சு?”

“எந்த ஆளு?”

“நல்லா கேட்ட போ! ஏரிக்கர பச்சையம்மா நாலு மாசமா என்ன வழி மறிச்சி கேட்டுகினு கீது. ‘அண்ணா, அந்த அல்லேலூயாக்காரர பாத்தியா, மீதிய சொல்றேன்னு போனாரே’ன்னு. அன்னிக்கி உள்ள போயி அயுதுச்சாம். ஒரு வா சோறு துன்னலியாம். வெளிய வந்து பாத்தா உன்னியும் காணோம், துணியையும் காணோம்.”

எழுந்து போனதை நான் என்னவென்று எழுதி வைத்திருந்தேன்?

“நாளைக்கி காலைல அதுங்க அல்லாம் செங்கல் சூளைக்கி போவுதுங்க” என்றார். “லாரி வருது. அப்பால எப்ப வருமோ, வருமோ வராதோ.”

தப்பை ஒத்துக்கொள்ள வேண்டியதுதானே? ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீபனின் பாடத்தை எடுத்துவிட்டேன். “அது வந்துண்ணா, ஆண்டவர் முன்னாடியே தெரிஞ்சிக்கின ஜனம்னு ஒண்ணு கீது. அவங்க எப்படியும் வந்துருவாங்க. நாம போய்...”

“இரு இரு. யார் யாருன்னு உனக்கு லிஸ்டு குடுத்துக்கீறாரா?”

“இல்ல.”

“அப்ப நீ எந்த லிஸ்ட பாத்துகினு இங்க குந்தினு கீற?”

கடைக்காரரே சிரித்துவிட்டார். ஏகாம்பரம் விடவில்லை.

“இந்த ஏரித் தண்ணி கீதே, யாருக்கு எப்போன்னு முறை எங்க பாட்டன் காலத்துலயே பேசி வெச்சது. நான் முடிவு பண்றது ஒண்ணும் கெடையாது. அதுக்குன்னு, முறைதான் கீதே, தண்ணி அதுவா போய்க்கும்னு நான் வூட்ல படுத்துக்கினா, ஊரே செருப்ப கயட்டும். முறை வந்தா நான்தான் போயி கதவ தட்டணும். மம்புட்டி எடுத்துகினு போயி நான்தான் வாய்க்கா வெட்டணும். திட்றவன் வூடும் தட்டணும், மோர் குடுக்கறவன் வூடும் தட்டணும்.” டீயை ஒரே மடக்கில் குடித்தார். “அதுக்காக, ‘நான்டா உனுக்கு தண்ணி வுட்டேன்’னு மீசய முறுக்கினாலும் அடிப்பாங்க. ஏரி இன்னா என் அப்பன் வூட்டு சொத்தா?”

கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். “எனக்காவது முறை இன்னாருதுன்னு தெரியும். உனுக்கு அதுவும் தெரியாதுன்ற. அப்ப நீ ஒரு வூடு பாக்கியில்லாம போவணுமா, கோடு போட்டுகினு குந்தணுமா?”

கோடு போட்டது அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

சிலுவையைக் கும்பிடாத மனுஷன், அரை டீ குடிக்கிற நேரத்தில் லீடரையும் ஸ்டீபனையும் சேர்த்து உலுக்கிவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் படித்த புத்தகத்தில் அந்த வரி மட்டும் இல்லை போலும்.

4. லாரி

மறுநாள் விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். கரைமேல் பாதி வழி சேறு. தள்ளிக்கொண்டு ஓடினேன். தூரத்திலேயே லாரி தெரிந்தது. பானை, பாய், துணி மூட்டை, கூடைக்குள் கோழி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஜனங்களும் மேலே உட்கார்ந்துவிட்டார்கள். மேஸ்திரி கதவைத் தட்டி டிரைவரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மதகுக்குப் போகிற வழியில் ஏகாம்பரமும் அங்கே நின்றிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிசு.

பச்சையம்மா லாரியின் பின்பக்கம் இருந்தாள். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“வந்துட்டியா! நீயெல்லாம் ஒரு மனுசனா? யாராச்சும் பொணத்த தொங்க வுட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடுவாங்களா?”

பையிலிருந்து சுருளை எடுத்தேன். அவள் விடவில்லை.

“மொதல்ல அத்த சொல்லு. எறக்குனாங்களா இல்லியா?”

“எறக்குனாங்கம்மா.”

“பொதச்சாங்களா?”

“பொதச்சாங்க. மீதி கீது. அஞ்சு நிமிசம் குடுங்க.”

“இன்னாயா இது, சினிமா காட்றியா? நேரமாவுது” என்று மேஸ்திரி கத்தினார். “யோவ், அஞ்சு நிமிசத்துல உன் செங்கல் ஒண்ணும் கரஞ்சிடாது” என்று ஏகாம்பரம் அவரை அடக்கினார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சுருளின் ஒரு கம்பைத் தானே பிடித்துக்கொண்டார்.

முடிச்சை அவிழ்த்தேன். நாலு மாதமாகப் பையில் கிடந்த சுருள், விட்ட இடத்திலேயே, ஒன்பதாவது படத்திலேயே நின்றது. பத்தாவது படம், கல்லறை. பதினொன்று, புரட்டிப் போட்ட கல். பன்னிரண்டு, தோட்டத்தில் அழுதுகொண்டு நிற்கிற பெண், அவள் எதிரில் உயிரோடு அவர். மெகாபோன் இல்லை, பாட்டு இல்லை, கையைத் தூக்கச் சொல்லவும் இல்லை. மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன்.

பச்சையம்மா கடைசிப் படத்தையே பார்த்தாள். “மொதல்ல பாத்தது பொம்பளயா?”

“ஆமாம்மா.”

“கூட இருந்த ஆம்பளைங்க அல்லாம் எங்க?”

“பயந்து வூட்டுக்குள்ள கதவ சாத்திகினு இருந்தாங்க.”

“உன்ன மாதிரி” என்றாள். லாரியே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த புருஷனிடம் சொன்னாள்: “நான் சொன்னேன்ல? அவ்ளோ நல்ல மனுசன அப்பிடியே வுட்டுட மாட்டாங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள தோணிகினே இருந்துச்சி.”

லாரி கிளம்பிவிட்டது. அந்தக் குடும்பங்கள் பிறகு அந்தக் கரைக்குத் திரும்பவில்லை. பச்சையம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மாத ரிப்போர்ட்டில் நான் எதுவும் எழுதவில்லை. “பூஜ்யமா?” என்று லீடர் மூக்கைச் சுளித்தார். ஆமாம் என்றேன்.

பிள்ளைகளே, அவளுக்கு உள்ளே தோன்ற வைத்தது யார்? நான் இல்லை. நான் நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு நாலு மாதம் வடை தின்றவன். எஸ்தர், எல்லாம் நம் கையில் இல்லை. இருந்திருந்தால் அவள் கதி என்ன? ஆனால், தானியேல், உள்ளே தோன்றியவளும் வழியில் நின்று, ‘மீதியைச் சொல்ல ஆள் வருவானா’ என்றுதான் கேட்டாள். அந்த ஆள் நாலு மாதம் வரவில்லை. தெரிந்துகொள்ளுதல் என்பது வீட்டில் இருக்க நமக்குக் கிடைத்த லீவு அல்ல. எந்தச் சேற்றைத் தாண்டிப் போனாலும் அங்கே அவருடையவர் ஒருவர் காத்திருக்கலாம் என்கிற தைரியம் அது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நீர்க்கட்டி தேவைப்பட்டார்.

அன்று லாரி போன பிறகு ஏகாம்பரமும் மதகுப் பக்கம் போய்விட்டார். ஒன்பது குடிசையிலும் படல் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் தனியாக வேலமரத்தடியில் உட்கார்ந்தேன். சுருளை மடியில் வைத்து, பன்னிரண்டிலிருந்து ஒவ்வொரு படமாகப் பின்னோக்கிச் சுற்றினேன். ஒன்பதில் ஒரு நிமிஷம் கை நின்றது. மறுபடி சுற்றினேன். முதல் படம் மேலே வந்ததும் கயிறு கட்டி, பையில் வைத்து, இன்னும் போகாத காவாந்தண்டலம் ஊர்ப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினேன்.