மூலை மூட்டை

உப்பு மொத்த வியாபாரத்தில் ஒரு சுகம், சரக்கு கெட்டுப்போகாது; ஒரு கஷ்டம், அது வராவிட்டால் அடுத்தவர் சரக்கு கெட்டுப்போகும். வளைகுடாவில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நான், இப்போது கோட்டாற்றில் மாமா விட்டுப்போன உப்புக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். லாரி வருமா என்று ரோட்டைப் பார்த்தபடியே கடை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் இந்த ஒரு நாள் நன்றாகவே புரியும்.

சாளை வந்த காலை

ஐப்பசி மழை. முட்டத்தில் கருவாடு போடும் பிலோமினா அக்கா விடிந்ததுமே போன் செய்தார். கரையில் சாளை மீன் குவிந்திருக்கிறது, அள்ளி வாங்கிவிட்டார். காயப்போட வெயில் இல்லை. சிமெண்டுத் தொட்டியில் மீனும் கல்லுப்புமாக மாற்றி மாற்றி அடுக்கினால் வெயில் வரும்வரை தாங்கும். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் நாறிவிடும். தூத்துக்குடி லாரி மத்தியானம் வந்துவிடும், வாருங்கள் என்றேன்.

"வெயிலு கைவிட்டாச்சு தம்பி, நீயும் கைவிட்டுராத."

ஆஸ்பத்திரி உப்பு

கடையில் கொஞ்சம் மூட்டைகள்தான் இருந்தன. முதலில் வந்தவர் மார்த்தாண்டம் பக்கத்து ஷாஜி, ஒரு ஆஸ்பத்திரியில் தண்ணீர் பிளாண்ட் பார்ப்பவர். நான் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்தவன், இவர் தண்ணீருக்கென்று உப்பு வாங்குகிறாரே என்று எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம். கேட்டேன். உப்பு தண்ணீரில் கலப்பதற்கு இல்லையாம். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துவைக்கிற பொடி மணிகள் தொட்டிக்குள் இருக்கும். அவற்றை உப்புநீரால் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யுமாம். அந்தத் தண்ணீர் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகிறது. அப்புறம் எப்படி இல்லையென்பது? கொடுத்தேன். ஷாஜி மூட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கஞ்சியில உப்பு போடப்பிடாதுன்னு டாக்டர் நோயாளிய ஏசுவாரு. அவருக்க மெஷினுக்கு உப்பில்லாம ஓடாது, பாத்தியளா!"

தென்னை உப்பு

அடுத்து வந்த செல்லையா மாமாவுக்குத் தன் தென்னந்தோப்பில் புதுக் குழிகளுக்கு உப்பு வேண்டும். மழை ஈரத்தில் உப்பைப் போட்டால்தான் தென்னம்பிள்ளை வேர் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. பிலோமினா அக்காவின் குரல் காதிலேயே இருந்தது. லாரி வரட்டும் மாமா, தென்னை இரண்டு நாள் பொறுக்கும் என்றேன். குடையை உதறி, என் செருப்பையெல்லாம் நனைத்துவிட்டுச் சொன்னார்:

"தென்னம்பிள்ளைக்கு வாய் இல்லல்லா? அதான் அதுக்கிட்ட பொறுமையா இருன்னு சொல்லுதீரு."

ஐஸ் உப்பு

பிறகு ஐஸ் கம்பெனி ஆள். ஐஸ் டின்களைச் சுற்றி ஓடும் உப்புநீர் வலுக்குறைந்துவிட்டதாம். ஐஸ் இல்லாவிட்டால் நாளைக்குப் படகுகள் போகாது. கொடுத்தேன். உப்பு எதற்கு, வெறும் தண்ணீர் போதாதா என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"சுத்தி ஓடுதது உறையாம நின்னாத்தான் அண்ணே, உள்ள இருக்கது உறையும்."

கடைசி உப்பு

மத்தியானம் லாரிக்காரர் போன் செய்தார். ரோட்டில் வெள்ளமாம், இன்று வர முடியாது. பேசி முடிக்கும் முன்பே பிலோமினா அக்காவின் டெம்போ வாசலில் நின்றது.

மிச்சம் இருந்தது மூலை மூட்டை மட்டும். கடையில் உப்பு தீரவே கூடாது என்பது கடையை விட்டுப்போன என் மாமா வைத்த வழக்கம். புது லோடு இறங்கியதும் முதல் மூட்டை மூலைக்குப் போகும், பழைய மூலை மூட்டை விற்பனைக்கு வரும். எடுங்கள் என்று நான் சொன்னதும் மாமா காலத்திலிருந்தே மூட்டை தூக்கும் தங்கசாமி அண்ணாச்சி அதன் முன்னால் போய் நின்றுவிட்டார். "உப்பில்லாத கடையப் பூட்டப்பிடாது. நான் தொடமாட்டேன்."

அக்கா சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. அண்ணாச்சியைத் தாண்டிப் போய், மூட்டையின் தையலைப் பிரித்து, இரண்டு கையாலும் உப்பை அள்ளித் தராசுத் தட்டில் வைத்தார். தட்டைத் தூக்கி அதே மூலையில் வைத்தார். "எங்க வீட்டுலயும் உப்புப் பரணி காலியாவப்பிடாது அண்ணாச்சி. ஒரு கை கிடந்தாப் போதும்." அண்ணாச்சி தட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். அக்கா குரலை இறக்கினார்:

"காவலுக்கு இது மதி. என் மீனுக்குத்தான் இது காணாது."

அண்ணாச்சி மூட்டையின் வாயைக் கட்டி, தலையில் ஏற்றி டெம்போவில் வைத்தார்.

அந்த ஒரு மூட்டையால் பாதிச் சாளைதான் தப்பியது. நாறிய மீதி உரமாகச் செல்லையா மாமாவின் தோப்புக்கே போய்ச் சேர்ந்ததால், அன்று நான் கைவிரித்தவர்களில் வயிறு நிறையச் சாப்பிட்டது வாயில்லாத அந்தத் தென்னம்பிள்ளைகள்தான்.