முதல் மடக்கு யாருக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒரு பெரிய ரெஸ்டாரன்ட். சாப்பாட்டு மெனு வருவதற்கு முன்பே தோல் அட்டை போட்ட தடிமனான புத்தகம் ஒன்று எங்கள் மேஜைக்கு வந்தது. கல்யாண ஆல்பமோ என்று நினைத்தேன். திறந்தால்... பக்கம் பக்கமாக ஒயின்!

அது யார் முன்னால் வைக்கப்பட்டது தெரியுமா? ஆரோக்கியசாமி மாஸ்டர் முன்னால்.

தருமபுரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சொந்த ஊர் பொம்மிடிப் பக்கம், விவசாயக் குடும்பம். அவர் விசில் அடித்தால் மொத்த கிரவுண்டும் நின்றுவிடும். மனிதர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பயம் ஒயினைப் பார்த்து இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவைப் பார்த்து.

மாஸ்டரின் மகள் ஜெனிபருக்கு பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கும் ரோஷனை விரும்புகிறாள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், மங்களூர்க்காரர்கள். பையனின் அப்பா உடனே சரி என்றுவிட்டார். அம்மா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “முதலில் பார்க்கலாம்” என்று நிறுத்தி வைத்திருந்தார். ஜெனிபரோ, அவர் மனசு கோணினால் இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று தீர்மானமாக இருந்தாள். அதற்காகத்தான் இந்தச் சந்திப்பு.

பெண் வீட்டுக்காரர்கள் நாம்தானே அழைக்கிறோம், விருந்து நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று மாஸ்டர் ஒரே பிடிவாதம். ஆக, விருந்து கொடுப்பவரின் கையில் ஒயின் லிஸ்ட்.

நான் எதற்கு அங்கே என்கிறீர்களா? எப்போதோ இதே வாரப் பத்தியில் ஒரு திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்த கதையை எழுதித் தொலைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு மாஸ்டரின் மனைவி ஸ்டெல்லா, “அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கம், கூட வந்துடுங்க” என்று காரில் ஏற்றிவிட்டாள். என் ஒயின் ஞானம் மொத்தமும் அந்தப் பத்தியோடு தீர்ந்துபோனது என்பதை எந்த வாயால் சொல்வது?

நம்மூரில் ஒயின் ஷாப் என்று போர்டு தொங்கிய காலத்தில்கூட அங்கே யாரும் ஒயின் கேட்டுப் போனதில்லையே!

லிஸ்ட்டை நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் நான்கு வரி வர்ணனை. ஒன்றில் காட்டுப் பழ வாசனை வருமாம். இன்னொன்றில் ஈர மண் வாசனை. மற்றொன்றில் பதப்படுத்திய தோல் வாசனை! அந்த இடத்தில் மாஸ்டரின் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடுவில் ஏதாவது ஒன்றைக் காட்டுவோம். மாப்பிள்ளை வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு வழி?

மாஸ்டர் புத்தகத்தை மூடினார். ஒயினுக்கென்றே அங்கே தனியாக ஒரு பெண் இருந்தார், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு. அவரிடம் சொன்னார்: “எனக்கு இது தெரியாதும்மா. பூசையில சாமியார் குடிக்கறத பாத்திருக்கேன், கிறிஸ்துமசுக்கு வூட்ல போடறத குடிச்சிருக்கேன். அவ்ளோதான். நீங்களே எங்கள கேட்டு, எது சரியா வரும்னு சொல்லுங்க.”

ஜெனிபர் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கோ எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

அந்தக் கறுப்புக் கோட்டுப் பெண்ணையும் பாராட்ட வேண்டும். ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை. யார் யார் என்ன சாப்பிடப் போகிறீர்கள், காரம் எவ்வளவு, வீட்டில் போடும் ஒயின் இனிப்பாக இருக்குமா என்று பொறுமையாக விசாரித்தார். மசாலா தடவிய மீன் என்றதும், காரத்துக்கு ஜில்லென்று, லேசான இனிப்போடு ஒரு வெள்ளை ஒயின் சரியாக இருக்கும், திராட்சை நந்தி மலைப் பக்கம் விளைந்தது என்றார். அவ்வளவுதான், மாஸ்டருக்கு உயிர் வந்துவிட்டது. அங்கே செம்மண்ணா, சொட்டு நீரா, அறுப்பு எந்த மாதம் என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணும் சளைக்காமல் பதில் சொன்னார். பையனின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார். அம்மாவின் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

பாட்டில் வந்தது. லேபிளைக் காட்டி, திறந்து, மாஸ்டரின் கிளாசில் மட்டும் ஒரு மடக்கு ஊற்றிவிட்டு அந்தப் பெண் நின்றார்.

உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆர்டர் கொடுத்தவர் முதலில் ருசி பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுவார்கள். அது அவர்கள் முறை. எங்கள் பக்கத்து முறை நேர் எதிர். விருந்தாளி கை நனைக்காமல், விருந்துக்கு அழைத்தவர் இலையில் உட்காரக்கூட மாட்டார். ஹோட்டல் முறையை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியது நான்தான். மறந்துவிட்டேன்.

மாஸ்டர் அந்தக் கிளாசைக் கையில் எடுத்தார். எழுந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். “அப்பா, அது உங்களுக்கு...” என்று ஜெனிபர் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. ரோஷனின் அம்மா முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

“நீங்க மொதல்ல சொல்லுங்கம்மா. உங்களுக்குப் புடிச்சிருந்தா எங்களுக்கும் சரி.”

ரோஷன் கறுப்புக் கோட்டுப் பெண்ணைப் பார்க்கிறான், அவர் மாஸ்டரைப் பார்க்கிறார். ஸ்டெல்லா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

அந்த அம்மா கிளாசை வாங்கினார். மெல்லச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். அவசரமே படவில்லை. பிறகு பெங்களூர்த் தமிழில் சொன்னார்: “எங்க வீட்ல ஒயின் பாத்து வாங்கறது நான்தான். ஆனா எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இந்த மொத மடக்கு இவருக்குத்தான் வரும். என் கையில இன்னைக்குதான் வந்திருக்கு.”

அவர் கணவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் காலம் பூராவும் தலையாட்டிக்கொண்டிருந்தாராம்!

அந்த அம்மா கறுப்புக் கோட்டுப் பெண்ணிடம் ஊற்றச் சொன்னார். ஜெனிபரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்புறம் மாஸ்டரிடம் கேட்டார்: “நம்ம மனெகெ யாவாக பர்த்தீரா?” எங்கள் வீட்டுக்கு எப்போது வருகிறீர்கள் என்று. பென்னாகரம் பக்கம் வேலை பார்த்தபோது பழகிய கன்னடத்தில் மாஸ்டர் என்னவோ பதில் சொன்னார். பாதியிலேயே கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார். சொல்ல வெட்கமில்லை, நானும்தான்.

ஒயின் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். நன்றாகவே இருந்தது. மீன்தான் ஒகேனக்கல் வறுவலுக்குக் கிட்டே வராது என்று மாஸ்டரின் தீர்ப்பு.

சபை நாகரிகம் என்று எத்தனையோ கற்றுக்கொள்கிறோம்... எந்த முள்கரண்டி எந்தக் கையில், எந்த கிளாசில் எது என்று. எதிரில் இருப்பவரை மதிக்கத் தெரிந்த மனிதர் தப்பாகச் செய்தாலும் அது அழகாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது காரில் ஒரே சிரிப்பும் பாட்டும். கிருஷ்ணகிரி தாண்டிய பிறகு ஸ்டெல்லா திடீரென்று கேட்டாள்: “ஏங்க, சம்பந்தியம்மாவுக்கு மேஜையச் சுத்தி வந்து குடுத்தீங்களே. நம்மூட்ல ஒரு நாளு, ஒரு டம்ளர் டீயாச்சும் என்கிட்ட கொண்டாந்து, நீ மொதல்ல குடின்னு சொல்லிருக்கீங்களா?”

கேட்டதில் கோபம் இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம். சற்று நேரத்தில் மாஸ்டரின் குரல், விசில் இல்லாத சன்னக் குரல்: “ஸ்டெல்லா, இத கொஞ்சம் குடிச்சுப் பாத்து சொல்லு.”

என் வீட்டுக்காரர் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். பார்க்கலாம்!